எடைக்கு எடை வெல்லம்

தராசு எதுவானாலும் அதைக் கண்டால் எனக்கு உள்ளங்கை வியர்த்துவிடும். ரேஷன் கடைத் தராசு, நகைக்கடைத் தராசு, காசு போட்டால் எடையோடு ஜோசியமும் சொல்லும் பேருந்து நிலையத் தராசு என்று இதில் எனக்குப் பேதம் கிடையாது. பள்ளிக்கூடத்து மருத்துவ முகாமில் ஒருவர் எடையைச் சத்தமாகச் சொல்ல இன்னொருவர் எழுதிக்கொள்ளும் வழக்கத்தை யார் தொடங்கிவைத்தார்களோ, அவர்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை. (என் எடை என்ன என்று கேட்காதீர்கள். மூன்று இலக்கம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.)

அப்படிப்பட்ட நான் ஒரு வெள்ளிக்கிழமை காலையில், கோயில் வாசலில், ஊரே பார்க்க, புளி நிறுக்கிற தராசில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்பதைவிட உட்கார்ந்தே கிடந்தேன் என்பதுதான் சரி. தட்டு எழும்பவேயில்லை.

முதலிலிருந்து சொல்கிறேன்.

நான் பிறந்ததிலிருந்தே குண்டு. நான் பள்ளியில் படித்த காலத்தில்தான் ஊருக்குள் அந்தச் சின்ன சரக்கு வண்டி வந்தது. அதற்குக் குட்டியானை என்று பெயர் வைத்தார்கள். அந்த வண்டி தெருவில் போகும்போதெல்லாம் பையன்கள் என்னிடம் ஓடிவந்து, "உன் தங்கச்சி போறா பாரு" என்பார்கள். நானும் சிரிப்பேன். என் உடம்பைப் பற்றி யார் எது சொன்னாலும் முதல் ஆளாக நானே சிரித்துவிடுவேன். அப்படிச் சிரித்துவிட்டால் வலிக்காது என்று எப்படியோ கற்றுக்கொண்டிருந்தேன்.

என் அப்பாவும் கனத்த மனிதர். கம்பைநல்லூரில் பாத்திரக்கடை வைத்திருந்தார். நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு மதியம் கடையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். அவருக்குச் சர்க்கரை இருந்ததே அதற்குப் பிறகுதான் எங்களுக்குத் தெரியும். எங்கள் பக்கம் பெண்கள் சாவு ஊர்வலத்தில் தெருமுனை வரைக்கும்தான் போகலாம். அங்கே போய்ச் சேருவதற்குள்ளேயே பாடை தூக்கியவர்கள் தோள் மாற்ற வேண்டியிருந்தது. அவர்களில் ஒருவர், அப்பாவின் சிநேகிதர், நல்ல மனிதர், மூச்சு வாங்கிக்கொண்டே, "போற போக்குல மாமன் நம்மளையும் கூட்டிட்டுப் போயிருவாரு போல" என்றார். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

நானும் சிரித்தேன். பழக்கம். அப்பாவின் முகத்தைக் கடைசியாகப் பார்த்த அந்த நிமிடத்தில் என் வாய் தானாகச் சிரித்துவைத்தது.

கல்யாணமாகி மாரண்டஹள்ளிக்கு வந்தேன். கணவருக்குத் தக்காளி வியாபாரம். ஒரே மகள், கனிஷ்கா. வீட்டில் கனி. அவள் பிறந்த பிறகு எனக்கும் சர்க்கரை வந்தது. மாடிப்படி ஏறினால் நடுவில் நின்று சுவரில் மாட்டியிருக்கும் காலண்டரைப் படிக்கிற மாதிரி நடிக்க வேண்டும். (அந்த வீட்டில் எமகண்டம், குளிகை எல்லாம் என்னைப்போல் அறிந்தவர் எவருமில்லை.) கனி ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டால் அவளுடைய கைகள் என் முதுகுக்குப் பின்னால் ஒன்றையொன்று தொடாது. அதற்கு அவளே ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். முதலில் வலது பக்கம் கட்டிக்கொள்வாள், பிறகு இடது பக்கம். "நீ ரெண்டு கட்டிப்பிடிம்மா" என்பாள். மற்றவர்கள் எல்லாம் ஒரு கட்டிப்பிடி.

ஒருநாள் அவள் அப்படி இடது பக்கம் வந்தபோது எனக்குத் தெருமுனை நினைவுக்கு வந்தது. என்னைத் தூக்குகிறவர்கள் என்ன சொல்வார்கள்? இவள் அங்கே நின்று அதைக் கேட்பாளா? சிரிப்பாளா?

பட்டினி, நடை, கொள்ளுத்தண்ணீர், சோற்றுக்குப் பதில் வெள்ளரிக்காய் என்று எல்லாவற்றையும் ஏற்கெனவே செய்து தோற்றிருந்தேன். பெங்களூரில் ஒரு மருத்துவரைப் பார்த்தோம். அவர் தாளில் இரைப்பையை வரைந்து, முக்கால்வாசியை வெட்டி எடுத்துவிட்டு ஒரு வாழைக்காய் அளவுக்கு மட்டும் விட்டுவைப்போம், கொஞ்சம் சாப்பிட்டாலே நிறைந்துவிடும், எடை மெல்ல மெல்லக் குறையும் என்றார். கூட வந்திருந்த என் அம்மா தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அதில் எது எப்படிப் புரிந்தது என்று அன்று நான் கேட்டிருக்க வேண்டும்.

என் மாமியாரிடம் சொல்லவில்லை. அத்தை என்று கூப்பிடுவேன். ஈர்க்குச்சி மாதிரி உடம்பு. விடிந்ததும் காட்டு வேலைக்குப் போய்விட்டு வந்து எனக்கும் சேர்த்துக் களி கிண்டி வைப்பவர். என் உடம்பைப் பற்றி ஒரு சொல் சொன்னதில்லை. அதனாலேயே பயம். வாயைக் கட்ட முடியாமல் வயிற்றை வெட்டிக்கொண்டாள் என்று அவர் மனதில் ஒரு முறை நினைத்துவிட்டால் போதும், நான் அந்தச் சமையலறையில் எப்படி நிற்பது? ஹெர்னியா ஆபரேஷன் என்று சொல்லிவிடலாம் என்றேன். கணவர் தயங்கினார். பிறகு, உன் இஷ்டம் என்றார். (நான் சொல்லிக்கொடுத்த பொய்யை அவர் சொன்ன அழகில் எனக்கே அது எந்த நோய் என்று சந்தேகம் வந்தது.)

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. வீட்டுக்கு வந்தேன். கதையின் சோகமான பகுதி இங்கே தொடங்குகிறது, ஏனென்றால் அத்தை எனக்கு உடம்பு தேற்றத் தொடங்கினார்.

நெஞ்செலும்பு சூப்பு. பூண்டுக் குழம்பு. ராகிக் களியும் முருங்கைக்கீரைக் கடைசலும். நான்கு கரண்டி நீர்மோருக்கே திணறிய என் வயிற்றுக்கு முன்னால், என் பழைய பசியின் அளவில் உருட்டிய களி உருண்டை வந்து நிற்கும். வேண்டாம் என்று சொல்லத் தைரியமில்லை. "அப்புறம் சாப்பிடறேனுங்க அத்தை" என்று தட்டை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போவேன். அங்கே ஒரு நாய் உண்டு. ஒரு மாதத்தில் என் உடம்பில் குறைந்ததெல்லாம் அதன் உடம்பில் ஏறியது. நான் மெலிய மெலிய அது நடக்கும்போது மூச்சு வாங்கியது.

ஒன்று சொல்ல வேண்டும். பசிக்கவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய துக்கமாக இருந்தது. வாழ்நாள் முழுக்கப் பகையாக நினைத்த ஒன்று சொல்லாமல் கொள்ளாமல் வீட்டைவிட்டுப் போய்விட்ட மாதிரி. களியின் சூட்டில் கீரை உருகும் வாசனைக்குக் கண்ணில் நீர் வரும். நாய் வாலை ஆட்டும். செய்தது சரிதானா என்று அந்த நாயிடம் பல முறை கேட்டிருக்கிறேன்.

அந்தச் சமயத்தில்தான் அம்மா போன் செய்து வேண்டுதலைப் பற்றிச் சொன்னாள். என்னை உள்ளே கொண்டுபோனதும் ஆபரேஷன் அறை வாசலிலேயே மஞ்சள் துணியில் ஒரு ரூபாய் முடிந்து, மகள் உயிரோடு வந்தால் எங்கள் கம்பைநல்லூர் மாரியம்மனுக்கு எடைக்கு எடை வெல்லம் என்று வேண்டிக்கொண்டாளாம்.

எத்தனையோ வேண்டுதல்கள் இருக்கின்றன. முடி எடுக்கலாம், மாவிளக்கு போடலாம், சேவல் விடலாம். வாழ்க்கையெல்லாம் தராசைக் கண்டு ஓடிய மகளுக்காக என் தாய் தேர்ந்தெடுத்தது தராசு. ஒரு வருடம் கழித்துச் செய்யலாம், அதற்குள் இளைத்துவிடுவேன் என்று கெஞ்சினேன்.

"அம்மன்கிட்டயே தவணை கேக்கறியா?" என்றாள். அதற்குமேல் படித்தவளால் என்ன பேச முடியும்? ஒருவேளை தள்ளிப்போட்டால் அம்மன் கோபித்துக்கொண்டு தையல் பிரிந்துவிட்டால் என்ற எண்ணம் வேறு வந்துவிட்டது. (நான் படித்தது விலங்கியல்.)

உடம்பு நல்லானதற்கு ஒரு வேண்டுதல் என்று மட்டும் அத்தையிடம் சொன்னோம். அவரும் கிளம்பினார். எதில் போனோம் தெரியுமா? கணவரின் குட்டியானையில். போகிற வழியில் இறக்க வேண்டிய தக்காளிக் கூடைகள் பின்னால். முன்னால் அவரும் நானும் என் மடியில் கனியும். அத்தை ஒரு ஓரமாக, ஒரு முழம் இடத்தில். வழியெல்லாம் என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். ஒருமுறை என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

எங்கள் ஊர்க் கோயிலில் துலாபாரத் தராசு கிடையாது. புளி மண்டியிலிருந்து பழைய பெரிய தராசைக் கொண்டுவந்து கோயில் வாசல் வேப்பமரத்துக் கிளையில் சங்கிலியால் கட்டியிருந்தார்கள். பக்கத்துக்கு ஒரு பலகைத் தட்டு. அம்மா இரண்டு சிப்பம் வெல்லம் வாங்கி வைத்திருந்தாள். சாக்கில் கட்டிய அச்சு வெல்லம். அம்மாவிடம் போய், இது போதாதும்மா என்று காதில் சொன்னேன். போதும் போதும், மிச்சமே ஆகும் என்று என்னைத் தள்ளிவிட்டாள்.

உட்கார்ந்தேன். என் பக்கத் தட்டு தரையைத் தொட்டது. எதிர்த்தட்டு என் தலைக்கு மேலே போய் ஆடியது. ஒரு சிப்பம் வைத்தார்கள். ஆட்டம் நின்றது. இரண்டாவதையும் வைத்தார்கள். கிளை முனகியது. தட்டு அசையவில்லை. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் மரியாதைக்காகச் சற்று நேரம் வானத்தைப் பார்த்தார்கள்.

பூசாரி, பெரியவர், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "இன்னும் வெல்லம் வருதுங்களா?" என்றார்.

அம்மாவுக்கு முகம் வெளிறிவிட்டது. என்னையும் வெல்லத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி, "எப்படிடி இன்னும் இவ்ளோ கனம் இருக்கும்? முக்கால்வாசிய வெட்டி எடுத்துட்டோம்னு டாக்டரு சொன்னாரே" என்றாள்.

"என்னத்த வெட்டுனாங்க?" என்றார் பூசாரி.

"எரைப்பையத்தானுங்க. ஒடம்பு எளைக்கறதுக்கு ஆபரேசன். ஒரு ஆட்டத் தோலுரிச்சாக்கூட எட கொறையுது, இவளுக்குக் கொறையாதுங்களா? அதான் கால்வாசி கணக்குக்கு மேலயே போட்டு வாங்கியாந்தேன்."

அப்போதுதான் எனக்கு அந்தத் தாளும் அம்மா அதைப் பார்த்த பார்வையும் நினைவுக்கு வந்தன. என் எடையில் முக்கால்வாசி பெங்களூரிலேயே தங்கிவிட்டதாக இந்த ஒரு மாதமும் அவள் நிம்மதியாக இருந்திருக்கிறாள். விளக்கிச் சொல்லலாமென்று வாயைத் திறந்தேன். கூட்டத்தில் ஒருத்தி இன்னொருத்தியிடம் ஏதோ சொல்ல அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எழுந்து ஓடலாமென்றால் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்த நான் யாராவது கைகொடுக்காமல் எழ முடியாது. என் வாய் வழக்கம்போல் சிரிக்கத் தயாரானது.

அத்தை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் முன்னால் நின்றார்.

"ஹெர்னியான்னு சொன்னியே" என்றார்.

நான் பலகையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"அப்ப அது புத்துநோயி இல்லியா?"

"என்னங்க அத்தை?"

"புத்துநோயி இல்லியான்னு கேக்கறேன். சாமி முன்னால தராசுல குந்திட்டிருக்கற. பொய் சொல்லக்கூடாது."

"இல்லிங்க அத்தை. ஒடம்பு எளைக்கத்தானுங்க. அப்பா மாதிரி நானும் போயிருவேனோன்னு பயமாயிருந்துச்சுங்க."

அவர் அப்படியே தரையில், எனக்கு எதிரில் உட்கார்ந்தார். முந்தானையை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து அம்மாவும் அழத் தொடங்கினாள். முந்தானையை விலக்கியபோது பார்த்தால் அத்தை சிரிக்கிறார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது, ஆனால் சிரிக்கிறார்.

"ஒரு மாசமா நீ தட்ட எடுத்துட்டுப் பின்னால போறப்பல்லாம் அங்க போய் வாந்தியெடுக்கறேன்னு நெனச்சுக்கிட்டேன். எனக்குத் தெரியக்கூடாதுன்னு மறைக்கறீங்களேன்னு அடுப்படியில குந்தி அழுவேன். என்ன கண்ணு பண்ண அந்தக் களியெல்லாம்?"

"நாயிக்குப் போட்டுட்டேனுங்க."

"அதான் அது அப்படி இருக்குதா" என்றார். பிறகு என் முழங்காலில் கையை வைத்து, மெல்ல, எனக்கு மட்டும் கேட்கும்படி, "எங்கிட்டச் சொல்லியிருந்தா கஞ்சித் தெளிவு ஊத்தியிருப்பேனே சாமி" என்றார்.

நான் பயந்தது எதையும் அவர் சொல்லவில்லை. அவர் சொன்னது இது ஒன்றுதான். இன்றுவரை நான் அதிகம் அழுதது அந்தப் புளித் தராசில்தான்.

தராசு மட்டும் அசையவில்லை. தொடங்கிய வேண்டுதலைப் பாதியில் விடக் கூடாது என்றார் பூசாரி. அம்மனுக்குப் போய்ச் சேருகிற பொருள் எதுவானாலும் வைக்கலாம் என்று சலுகையும் கொடுத்தார். வாழைத்தாரை வைத்தார்கள். தேங்காய் மூட்டையை வைத்தார்கள். பொங்கலுக்குக் கொண்டுவந்த அரிசியும் ஏறியது. கணவர் வண்டிக்கு ஓடிப்போய் ஒரு தக்காளிக் கூடையைத் தூக்கி வந்தார். வெல்லத்தோடு தக்காளியா என்று அம்மா முணுமுணுத்தாள். "அம்மன் ரசம் வெச்சுக்குவா, வையுங்க" என்றார் பூசாரி. என் தட்டு தரையைவிட்டுக் கிளம்பலாமா வேண்டாமா என்று யோசித்தது. என்னைப் போலவே அதற்கும் தீர்மானமான குணம் கிடையாது.

கனத்தில் கிளை வளைந்து எதிர்த்தட்டு இப்போது கைக்கெட்டும் உயரத்துக்கு இறங்கியிருந்தது. கனி அவ்வளவு நேரமாக அந்த வெல்லத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. சாக்கின் வாயில் ஒரு அச்சு பிதுங்கியிருந்தது. அதை எடுக்கத் தேங்காய் மூட்டைமேல் காலை வைத்து ஏறினாள்.

நான் மேலே போனேன்.

பலகை தரையைவிட்டு எழும்பி அப்படியே மிதந்தது. எதிரே அதே உயரத்தில் என் மகள் வாயில் வெல்லத்தோடு உட்கார்ந்திருந்தாள். இரண்டு தட்டும் சமம். பெண்கள் குலவையிட்டார்கள். "அம்மா, நாம ஊஞ்சல் ஆடறோம்" என்றாள் கனி.

பூசாரி தீபம் காட்டிவிட்டு, வெல்லத்தை இறக்கச் சொன்னார், தக்காளியை இறக்கச் சொன்னார், பிறகு கனியைக் காட்டி, தட்டில் ஏறியதெல்லாம் அம்மனுக்குச் சேர்ந்தது, இந்தப் பிள்ளையும் அப்படித்தான் என்றார். நான் கனியின் பக்கம் கையை நீட்டினேன். பயப்படாதே, தவிடு கொடுத்து வாங்கிக்கொள்ளலாம், வழக்கம்தான் என்றார்கள். ஆனால் பெற்றவர்கள் நேராக வாங்கக் கூடாது. வேறொருவர் வாங்கி, பிறகு பெற்றவளிடம் கொடுக்க வேண்டும்.

"நான் வாங்கறேன்" என்றார் அத்தை.

பக்கத்து வீட்டு மாட்டுக்கொட்டகையிலிருந்து ஒரு முறம் தவிடு வந்தது. அதை அம்மன் முன் கொட்டிவிட்டு, கனியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். எனக்கு ஒரு கை கொடுத்து எழுப்பினார். "இது இனிமே எம்புள்ள. நீ பயப்படாம, ஒழுங்கா ஒடம்பத் தேத்திக்கிட்டு எங்கிட்ட வந்து தவுடு குடுத்து வாங்கிக்க" என்றார்.

வீட்டுக்கு வந்த அன்று மாலையிலிருந்து எனக்குக் கஞ்சித் தெளிவுதான், சின்னக் கிண்ணத்தில், ஆறவைத்து. நாய் இரண்டு நாள் பின்வாசலில் நின்று என்னைக் கேவலமாகப் பார்த்தது.

தவிட்டை அன்றைக்கே கொடுத்திருக்கலாம். நல்ல நாள் பார்த்துச் செய்யலாம் என்று நான் தள்ளினேன். பிறகு ஒவ்வொரு பொங்கலுக்கும் கேட்பேன். அத்தை கனியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "போன வருசத்துக்கு இப்ப கனம் ஏறிப்போச்சு, ஒரு மொறம் பத்தாது" என்று பேரம் பேசுவார். நான் வருடா வருடம் இளைத்தேன், கனி வருடா வருடம் விலை ஏறினாள். சுற்றுவட்டாரத்துக்கே அது சிரிப்பாகிவிட்டது. பிள்ளைகளிடம் உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம் என்று எல்லா வீட்டிலும் சொல்லி அழவைப்பார்கள். எங்கள் வீட்டில் அதற்குச் சாட்சி உண்டு. பள்ளியில் யாரோ கேலி செய்ததற்குக் கனி, "ஆமா, எங்க ஆயாதான் வாங்குச்சு. எங்கம்மா இன்னும் திருப்பி வாங்கல" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

போன ஆடியில், ராகிக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்த அத்தை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தார். நான் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. ஓடித்தான் போனேன். எனக்கு இப்போது ஓட வருகிறது.

தூக்கியவர்கள் தெருமுனை வரை தோள் மாற்றவேயில்லை. "பூவாட்டம் இருக்குறாங்க" என்றார் ஒருவர். யாரும் சிரிக்கவில்லை. என் வாயும் அன்று சும்மா இருந்தது. கனி பின்னாலிருந்து வந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அவளுடைய விரல்கள் என் வயிற்றின்மேல் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டதை உணர்ந்தேன். ஒரே கட்டிப்பிடிதான். அதை அத்தையிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

வரும் பொங்கலுக்குப் பேரம் பேசாமல் கொடுத்துவிடுவது என்று முன்கூட்டியே ஒரு மூட்டை தவிடு வாங்கி மாடிப்படிக்குக் கீழே வைத்திருந்தேன். அது அப்படியே இருக்கிறது. இப்போது யாரிடம் கொடுப்பது? பூசாரியைக் கேட்கலாம், ஏதாவது பரிகாரம் சொல்வார் என்றார் கணவர். கேட்பது சரியா, கேட்காமல் விடுவது சரியா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது கனி சோற்றுத் தட்டிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"கேக்க வேண்டாம்மா. நான் ஆயா புள்ளையாவே இருந்துக்கறேன். நீ சும்மா வளர்த்துட்டு மட்டும் இரு" என்றாள்.

வளர்த்துக்கொண்டிருக்கிறேன்.